சம்பா ஒரு போகம், கடன் ஏழு இடம்: கடைமடைக் குடும்பம் கடனை அடைக்கும் வரிசை

மாசியில் நெல்லுப் பணம் வந்த வாரமே எல்லாருக்கும் பட்டுவாடா செய்துவிட்டு, ஆவணியில் நாற்றங்காலுக்கு மறுபடி மூன்று வட்டிக்குப் போய் நிற்பதுதான், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் கடன் தீராமல் இருப்பதற்கு முதல் காரணம். மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் யோசனைகள் இங்கே உதவாது. வருமானம் இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாக வருகிறது, செலவு பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. அதனால் எவ்வளவு அடைக்கிறோம் என்பதைவிட, எந்த வரிசையில் அடைக்கிறோம் என்பதுதான் கணக்கு.

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் சொந்த நிலம், சம்பா ஒரு போகம், பின்னால் நெல் தரிசில் உளுந்து, மற்ற நாளில் கூலி வேலை, ஐந்து பேர் குடும்பம் என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். வரிசை பெரும்பாலும் இதுவேதான்.

1. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு: கடன் நோட்டு

மார்கழி கடைசியில் உட்காருங்கள். பணம் வந்த பிறகு எழுதினால் யார் முதலில் வாசலில் நிற்கிறாரோ அவர்தான் பட்டியலில் முதல் ஆளாகிவிடுவார்.

ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: இன்றைய பாக்கி, வட்டி, எப்போது கட்ட வேண்டும், கொடுத்தவரிடம் நம் பொருளோ பத்திரமோ என்ன இருக்கிறது, கட்டாவிட்டால் என்ன நடக்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாத கடன் இன்னொருவரிடம் அநேகமாக ஒன்றாவது இருக்கும். குழுக்கடன் பெண் பேரிலும் கைக்கடன் ஆண் பேரிலும் இருந்து, இரண்டும் ஒரே தாளில் ஏறாமலே வருடக்கணக்காக ஓடும்.

நம் உதாரணக் குடும்பத்தின் நோட்டு இது:

கூட்டுறவு பயிர்க்கடன் 75,000
வங்கி நகைக்கடன் 60,000 (ஆண்டுக்கு 9 சதவீதம்)
கைக்கடன் 40,000 (மூன்று வட்டி, மாதம் 1,200)
குழுக்கடன் 18,000 (வாரம் 600, இன்னும் 30 வாரம்)
உரக்கடை பாக்கி 12,000
தண்டல் மீதி 6,000 (நாள் 100)
மளிகைக்கடை பாக்கி 5,000

மொத்தம் 2,16,000.

திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யைப் பலரும் எழுத மாட்டார்கள். மொய் நோட்டை எடுத்து, இந்த ஆண்டு யார் வீட்டில் விசேஷம் வரும் என்று பார்த்துத் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வரிசையாக வரும். அது நடவுக்குப் பணம் தேவைப்படும் அதே சமயம். வட்டி இல்லாவிட்டாலும் அதுவும் தவணை உள்ள கடன்தான். கடனை அடைக்க மொய் விருந்து வைக்கலாம் என்று சொல்பவர்கள், திருப்பிச் செய்யும்போது மேல்தொகை வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

2. எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள்

"மூன்று வட்டிதானே, வங்கி ஒன்பது கேட்கிறதே" என்ற பேச்சு இன்னமும் உண்டு. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. ஆண்டுக்கு 36. ஐந்து வட்டி 60. பத்து வட்டி 120.

தண்டல் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் வட்டி வெளியே தெரியாது. 10,000 தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள்; நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் உங்களிடம் சராசரியாக இருக்கும் பணம் அதில் பாதிதான். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும்.

உரக்கடையும் மளிகைக்கடையும் வட்டி கேட்பதில்லை. ஆனால் கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை. ஒரு மூட்டை உரத்துக்கும் ஒரு கிலோ பருப்புக்கும் இரண்டு விலையையும் கேட்டு, அந்த வித்தியாசத்தை வட்டியாக நோட்டில் எழுதுங்கள்.

3. பணம் எந்தக் கணக்கில் ஏறும் என்று முதலில் பாருங்கள்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடும் நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். தவணை தவறிய கடன் உள்ள கணக்கு, அல்லது குழுக்கடன் தவணை தானாகப் பிடித்தமாகும் கணக்கு என்றால், உங்கள் வரிசை உங்கள் கையில் இருக்காது. கொள்முதலுக்குப் பதிவு செய்யும்போதே பிடித்தம் இல்லாத கணக்கைக் கொடுங்கள். சிட்டா (நில உரிமைப் பதிவு), அந்தப் பருவத்து அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினால் பணம் நின்றுபோகும்.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். களத்தில் ஒரு நாள் கூடுதலாகக் காயப்போடுவது, நிலைய வாசலில் பனியிலும் மழையிலும் நெல்லைக் காத்துக் கிடப்பதைவிட மேல்.

கடன்காரர் யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். "பணம் கணக்கில் ஏறிய ஐந்தாம் நாள்" என்று மட்டும் சொல்லுங்கள். தேதி சொல்லிவிட்டு, நிலையத்தில் வரிசை நகராமல் போனால், சொல் காப்பாற்றவே இன்னொரு இடத்தில் கைமாற்று வாங்க வேண்டிவரும்.

4. வருமானத்தைக் குறைத்தே எழுதுங்கள்

ஏக்கருக்கு 18 குவிண்டால் என்று வைத்தால் மூன்று ஏக்கருக்கு 54. இதில் 6 குவிண்டாலை வீட்டில் நிறுத்துங்கள். ரேஷன் அரிசி போக மாதம் 25 முதல் 28 கிலோ அரிசி தேவை. ஆண்டுக்கு ஏறக்குறைய 330 கிலோ. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி கிடைக்கும் என்றால் சாப்பாட்டுக்கு 5 குவிண்டால், விதைக்கு 1. நெல்லை முழுக்க விற்றுவிட்டு ஆடியில் அரிசி மூட்டை கடனுக்கு எடுப்பது, இரண்டு பக்கமும் நட்டம்.

மீதி 48 குவிண்டால். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். 2,500 வைத்தால் 1,20,000. அறுவடை இயந்திரம், ஏற்றுகூலி, வண்டி வாடகைக்கு 15,000 போனால் கையில் 1,05,000. பங்குனி, சித்திரையில் உளுந்து 30,000. ஆக 1,35,000.

பயிர்க் காப்பீட்டுப் பணம், நிவாரணம், வரப்போகும் தள்ளுபடி எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் வரட்டும். தள்ளுபடி வரும் என்று நம்பிப் பயிர்க்கடனைக் கட்டாமல் இருந்து, அறிவிப்பும் வராமல் வட்டிச் சலுகையும் போன குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

5. முதல் பணம் பயிர்க்கடனுக்கு

இது பலருக்குத் தலைகீழாகத் தெரியும். தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடனை ஏன் முதலில் அடைக்க வேண்டும்? மூன்று வட்டியை அல்லவா முதலில் முடிக்க வேண்டும்?

காரணம் இரண்டு. தேதி தாண்டினால் வட்டிச் சலுகை போய்விடும். அதைவிடப் பெரிது, கட்டினால்தான் அடுத்த சம்பாவுக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். அந்த 75,000 கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்காவிட்டால், அதே தொகையை ஆவணியில் மூன்று வட்டிக்கு வாங்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு 11,250 வட்டி. மூன்று வட்டிக் கடன் 40,000-ஐ அடைத்து ஆண்டுக்கு மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி இங்கே போய்விடும்.

கட்டிய அன்றே ரசீது வாங்குங்கள். அடுத்த கடனுக்கு என்னென்ன காகிதம், எந்த மாதத்தில் மனு என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடனில் ஒரு பகுதியை உரமாகக் கொடுத்தால் மறுக்காமல் எடுங்கள். உரக்கடைப் பாக்கி மறுபடி முளைக்காமல் இருக்க அதுதான் வழி.

கையில் மீதி 60,000.

6. இரண்டாவது பணம் கடன்காரருக்கு அல்ல, வீட்டுக்கு

எல்லாரும் தவறுவது இந்தப் படியில்தான். மாதவாரியாக உட்கார்ந்து, கூலி, நூறு நாள் வேலை, மகளிர் உரிமைத்தொகை 1,000, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும் பி.எம். கிசான் 2,000 எல்லாம் போக எந்த மாதத்தில் எவ்வளவு துண்டு விழும் என்று எழுதுங்கள். வாரத் தவணையும், இதுவரை கைக்கடன் வட்டியாக மாதம் கட்டிவந்த 1,200-ம் செலவுப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உதாரணக் குடும்பத்துக்கு:

ஆனி, பள்ளிக்கூடச் செலவு: 7,000
ஆடி: 2,000
ஐப்பசி, அடைமழையும் தீபாவளியும்: 5,000
கார்த்திகை: 4,000
மார்கழி: 3,000
திடீர் செலவு: 3,000

24,000 வருகிறது. இதை அஞ்சலகக் கணக்கிலோ கூட்டுறவு வங்கியிலோ தனியாகப் போடுங்கள். ஏ.டி.எம். அட்டை இல்லாத கணக்கு நல்லது. மாதத்துக்கு ஒரு முறை, எழுதிய தொகையை மட்டும் எடுக்க வேண்டும். தீபாவளிச் சீட்டு, பதிவில்லாத ஏலச்சீட்டு இவற்றில் போடக்கூடாது. ஐப்பசியில் சீட்டுக்காரர் கைவிரித்தால் அதே மாதம் தண்டலுக்குப் போவீர்கள்.

மூன்று வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 24,000-ஐச் சும்மா வைப்பதா என்று மனசு கேட்கும். வைக்காவிட்டால் அதே 24,000-ஐத் துண்டு துண்டாக, அவசரத்தில், ஐந்து வட்டிக்கும் தண்டலுக்கும் வாங்குவீர்கள்.

மீதி 36,000.

7. பிறகு கடன்காரர்கள், இந்த வரிசையில்

*தண்டல் 6,000.* முன்கூட்டி மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். பிடித்த 1,500-ஐ அவர் திருப்பித் தர மாட்டார், ஆனாலும் சில நூறு குறையலாம். குறைக்காவிட்டாலும் முடித்துவிடுங்கள். எழுபது, எண்பதாம் நாளில் "மீதியைக் கழித்துக்கொண்டு புதுசாகப் பத்தாயிரம் தரவா" என்று கேட்பார்கள். அதை வாங்கினால் தண்டல் ஒருபோதும் முடியாது.

*மளிகை 5,000.* தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் பாக்கி இருக்கும்வரை வேறு கடையில் ரொக்கத்துக்கு மலிவாக வாங்க முடியாது. மீதி 25,000.

*நகைக்கடன் வட்டி 5,400.* ஆண்டு வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். மீதி 19,600.

*மூன்று வட்டி 40,000.* கையில் இருப்பது பாதிகூட இல்லை. இங்கேதான் அடகில் இருக்கும் நகை உதவும். தங்கம் விலை ஏறியிருப்பதால், பழைய விலையில் வைத்த அதே நகைக்கு வங்கி இப்போது கூடுதலாகத் தரும். 20,400 கூடுதலாக வாங்கினால் 19,600-உடன் சேர்ந்து சரியாக 40,000. நகைக்கடன் 80,400 ஆகிறது. 36 சதவீதக் கடன் 9 சதவீதத்துக்கு மாறிவிட்டது.

ஆனால் மூன்று நிபந்தனை. வங்கியில் வாங்கிய பணம் வீட்டுக்கு வரக்கூடாது, நேராகக் கைக்கடன்காரரிடம் போக வேண்டும். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது, எவ்வளவு தர முடியும் என்று மேலாளர் சொன்னாலும். அடமானச் சீட்டில் மொத்த எடை, கல் கழித்த எடை, தவணை முடியும் தேதி, உங்கள் இன்றைய கைபேசி எண் நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஏல நோட்டீஸ் பழைய எண்ணுக்குப் போனதால் தாலிக்கொடியை இழப்பது நடக்கிற விஷயம்.

பணம் கொடுக்கும் அதே நிமிடத்தில் புரோநோட்டையும், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஏதும் கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். "பெட்டியில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்" என்றால் பணமும் நாளைக்குத்தான். பகுதித் தொகை கட்டினால் புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு வைக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

*உரக்கடை 12,000.* அறுவடையில் கொடுக்கப் பணம் இல்லை. கடைக்காரரிடம் நேரில் போய், மாதம் 1,200 வீதம் பத்து மாதம் என்று சொல்லுங்கள். இதுவரை மூன்று வட்டிக்குப் போன அதே 1,200. சொல்லாமல் தெருவை மாற்றி நடப்பதுதான் கடைக்காரரைக் கோபப்படுத்தும்.

*குழுக்கடன்.* வாரம் 600 கூலியிலிருந்தே போகட்டும். இந்த மாதிரிச் சிறு கடனுக்கு நுண்கடன் என்று பெயர். நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கையில் எதிர்பாராத பணம் வந்தால் இதில் போடலாம். முடியும் தறுவாயில் அடுத்த சுற்றுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். குழுவில் மற்றவர்கள் வாங்குகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.

இப்படிப் போனால் அடுத்த அறுவடைக்குள் ஏழு இடம் இரண்டாகிறது: புதுப்பித்த பயிர்க்கடன் 75,000, நகைக்கடன் 80,400. குழுக்கடன் முடிந்தபின் அந்த 600-ஐ நிறுத்தாமல் வாராவாரம் சேமித்தால், நல்ல விளைச்சலில் மூன்றாவது அறுவடைக்கு நகை வீட்டுக்கு வந்துவிடும்.

8. சிக்கனம்: எங்கே பிடிப்பது, எங்கே விடுவது

சிக்கனம் என்றதும் டீ, காபியை நிறுத்துவார்கள். பெரிய மிச்சம் வருஷச் சாமானில் இருக்கிறது. புளியும் மிளகாய் வற்றலும் மாசி முதல் சித்திரை வரை மலிவு. கையில் பணம் இருப்பதும் அப்போதுதான். ஐந்து பேருக்குப் புளி 10 கிலோ, வற்றல் 8 கிலோ, மல்லி 8 கிலோ வாங்கி, நன்றாகக் காயவைத்து எடுத்துவையுங்கள். உளுந்தில் 20 கிலோவை விற்காமல் நிறுத்துங்கள். இதற்கான பணத்தைச் சித்திரைச் செலவில் சேர்த்துவிட்டால், மளிகைக் கடையில் வாங்க எண்ணெய், சர்க்கரை, சோப்பு மாதிரிச் சில சாமான்தான் மிஞ்சும்.

காயாமல் டப்பாவில் அடைப்பதுதான் இதில் நடக்கும் தவறு. ஐப்பசி ஈரத்தில் புளி கருத்து, உளுந்தில் வண்டு விழும். இரண்டு மூன்று நாள் கடும் வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகே மூட வேண்டும். உளுந்தில் வற்றலும் வசம்பும் போட்டு வைக்கலாம்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். மாதக் கடைசி வாரம்வரை காத்திருந்து, சரக்கு தீர்ந்துவிட்டது என்று கேட்டுவிட்டு வருவது வீண் நட்டம்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. விதையின் தரம், பிள்ளைகளின் பஸ் பாஸ், பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கும் வருகிறது. மாத்திரையை நிறுத்தி மிச்சம் பிடித்த வீட்டில்தான் மருத்துவமனைக் கடன் வந்து மொத்தக் கணக்கையும் கவிழ்க்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவையுங்கள்.

9. மிரட்டல் வந்தால்

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். புகார் கொடுக்க, எப்போது எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்ற கணக்கு வேண்டும். முதல் படியில் எழுதிய நோட்டு இங்கே பயன்படும். முடிந்தவரை வங்கி வழியாகவே கட்டுங்கள், தடயம் இருக்கும்.

நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக்கூடாது. வந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு எண்ணில் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்குங்கள்.

10. வெள்ளத்தில் பயிர் போனால்

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. மழை தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது, ஐப்பசி முதல் வாரமே கட்டிவிடுங்கள்.

விளைச்சல் பாதி போனால் வரிசை மாறும். முதலில் அரிசிக்கும் விதைக்கும் நெல்லை நிறுத்துங்கள். அடுத்து, வீட்டுப் பணம் 24,000-ஐக் குறைக்காதீர்கள். பயிர்க்கடனைக் கட்ட முடியாது என்றால் தவணை தேதிக்கு முன்பே சங்கத்திலும் வங்கியிலும் எழுத்து மூலம் கேளுங்கள்: அரசு பாதிப்பு அறிவித்து, பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை கொடுக்க வழி இருக்கிறது. தேதி தாண்டிய பிறகு கேட்டால் அது பாக்கிதாரரின் மனுவாகத்தான் பார்க்கப்படும்.

நகைக்கடனுக்கு அந்த ஆண்டு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பியுங்கள். மூன்று வட்டிக்காரருக்கு வட்டி நிற்காமல் கொடுத்து, அசலை அடுத்த மாசிக்குத் தள்ளுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போதே தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் கணக்கெடுப்பில் உங்கள் புல எண் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு போனால் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்பார்கள்.